புகை எத்தனை டப்பா

கொண்டேலே முக்கில் வண்டிகள் திரும்பும்போது
எது ஓவிட்டியுடையது என்று எனக்குத் தெரியும்.
மூன்றாவது கியரில் ஒரு செருமல்,
அப்புறம் தொண்டையில் முள் சிக்கியதுபோல் இரண்டு விக்கல்.
ஒன்பது வருடம்
கண்ணில் அல்ல, காதில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.
விக்கல் கேட்டதும் உகாலிக்கு உலை வைப்பேன்.
கேட்காத இரவுகளில் வயிற்றில் புளி கரையும்.

போன மழைக்காலத்தில் அந்த வண்டியை விற்றான்.
வாங்கியவன் சியாயா பக்கத்துக்காரன்.
இப்போது அந்த விக்கலுக்கு
வேறு யாரோ விழித்திருக்கிறாள்.

புது வண்டிக்குப் பெட்ரோல் கிடையாது.
இருக்கைக்கடியில் கருங்கல் மாதிரி ஒரு பேட்டரி.
தீர்ந்தால் கடையில் கொடுத்து
நிரம்பியதை வாங்கிக்கொள்கிறான்,
காலி சோடா பாட்டில் மாற்றுவதுபோல.
தவணை தினந்தோறும், ஃபோன் வழியாக.
தவறினால் வண்டி நின்ற இடத்திலேயே கல்லாகும்.

கம்பெனிப் பையன் வந்தான், கழுத்தில் அட்டை தொங்க.
"அம்மா, உங்கள் வீட்டுக்காரர் ஒருவரால்
ஆண்டுக்கு ஒன்றரை டன் கார்பன் குறையும்" என்றான்.
நான் ஓமேனா விற்பவள்.
காய்ந்த மீனைத் தகர டப்பாவில் அளப்பவள்.
குவித்தால் ஒரு விலை, தலைதட்டினால் ஒரு விலை.
கேட்டேன்:
"புகை எத்தனை டப்பா, தம்பி? குவித்தா, தலைதட்டியா?"
சிரித்துவிட்டு ஃபோனைத் தடவினான்.
விடை அதில் இல்லைபோலிருக்கிறது.

என்னிடம் இருப்பது வேறு கணக்கு.
ஞாயிற்றுக்கிழமை அவன் சட்டையை ஊறப்போடும் நீலப் பேசின்.
முன்பெல்லாம் காலர் நனைந்ததும்
அடி தெரியாமல் கறுத்துவிடும்.
மூன்று தண்ணீர் மாற்றுவேன்.
இப்போது இரண்டு.
அந்த இரண்டாவதும் வெள்ளை இல்லை.
ஊர் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன, லாரிகள் வேறு,
எல்லார் புகையும் அவன் காலரில்தான் வந்து உட்காருகிறது.
மிச்சமான ஒரு வாளி.
எனக்குத் தெரிந்த ஒன்றரை டன் அவ்வளவுதான்.

ரியாட் மேட்டில் ஒருமுறை பாதியில் தீர்ந்துபோனது.
பின்னால் கல்யாண கேக்கோடு ஒரு பெண்.
அவள் கேக்கைத் தலையில் ஏற்றி முன்னே நடக்க
இவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னே,
கல்யாணமே இவனுக்குத்தான் என்பதுபோல்.
கூலி வாங்கவில்லை.
அன்று ராத்திரி "பழையதே தேவலை" என்றான்.
காலையில் பெட்ரோல் விலை கேட்டு வாயை மூடிக்கொண்டான்.

ஆனால் நான் சொல்ல வந்தது சத்தம் பற்றி.

புது வண்டி பூனை.
முதல் வாரம், அவன் வாசலில் நிற்பது தெரியாமல்
அவனையும் அவன் கடனையும்
மீனிடம் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன்.
"இன்னும் பாக்கி இருக்கிறதா?" என்று இருட்டு கேட்டது.
கை உதறி, டப்பா கவிழ்ந்து,
தரையெல்லாம் வெள்ளி.

மணி கட்டு என்றேன். மாடா நான் என்றான்.
கடைசியில் முடிவானது:
தண்ணீர்க் குழாயடியில் சீழ்க்கை அடிக்க வேண்டும்.
சுருதி சேராத சீழ்க்கை.
தேவாலயப் பாட்டில் முதல் அடி மட்டும்,
இரண்டாவது அவனுக்கு வராது.

இப்போது எங்கள் சந்தில் ஏழு வண்டிகள் மாறிவிட்டன.
பதினொரு மணிக்குமேல்
தகரக் கூரை சூடு ஆறும் டிக் டிக்,
ஏரிப் பக்கத்துத் தவளை,
யார் வீட்டிலோ சப்புக்கொட்டிப் பால் குடிக்கும் குழந்தை.
இத்தனை நாள் இதெல்லாம் எங்கே இருந்தது?
நடுநடுவே சீழ்க்கைகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது.

ஒதேராவுக்கு முன்பல் இரண்டு இல்லை, சீழ்க்கை வராது.
குழாயடியிலிருந்தே
பெண்டாட்டியைக் கூப்பிடுகிறான்:
"அபோந்தி... ஏ அபோந்தி..."
இருபது வருடக் குடித்தனத்தில்
அவன் அவளைப் பேர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

அவள் உடனே எழுந்து வருவதில்லை.
இரண்டாம் தடவையும் கூப்பிடட்டும் என்று
இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.